கால் தரையில் படக்கூடாது

எங்கள் வீட்டுச் சண்டைகளில் மலையேறிப் போய் முடிந்தது அது ஒன்றுதான்.

அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, ஒரே வாரத்தில் இரண்டு நல்ல செய்திகள் வந்து சேர்ந்தன. ஒன்று, மலைமேல் இருக்கும் கரியாலூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. இன்னொன்று, திருக்கோவிலூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாது என்பதுதான் சிக்கல். மலையில் வேலை பார்க்கிற பெண் தங்களுக்கு வேண்டாம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். வேலை வருவதற்கு முன்பே, வீட்டுக்கு மூத்தவரான பெரியப்பா அவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். பெரியப்பா கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்கி யாரும் பார்த்ததில்லை. லாரி ஓட்டுகிற மனிதர். மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி ஆத்தூர் ஜவ்வரிசி ஆலைகளில் இறக்குவார். பேச்சும் லாரி மாதிரியே இருக்கும், எதிரே வருவது ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

அத்தை ஒதுங்கவில்லை.

வடக்கனந்தலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்றால் சன்னல் வழியாக மலை தெரியும். நீலமாக, பக்கத்தில் வந்து நிற்பது போல. அதைக் கையால் காட்டித்தான் பெரியப்பா கத்தினார். "ஒத்த பஸ்ஸு போவுது அங்க. மழை பேஞ்சா அதுவும் இல்ல. பஸ்ஸு வரலன்னா இன்னா பண்ணுவ?"

"சைக்கிள்ல போவேன்" என்றாள் அத்தை.

அன்று சம்பந்தம் பேச வந்திருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் காபியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவருக்குப் புரை ஏறிவிட்டது. சிரித்துச் சிரித்துத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மலையில சைக்கிளத் தள்ளிக்கினு போற ஆம்பளயத்தான் நான் பாத்துருக்கேன். ஏறி மிதிச்சிக்கினு போற பொம்பளய இனிமேதான் பாக்கணும்."

பெரியப்பா அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு அத்தையிடம் திரும்பினார். "சரி. வர்ற ஞாயித்துக்கெழம அடிவாரத்துல ஏறு. கரியாலூரு வரைக்கும் கால் தரையில படக்கூடாது. படாம போய்ச் சேந்துட்டா நீ வேலைக்குப் போ, கல்யாணப் பேச்ச நான் எடுக்கல. நடுவுல கால் பட்டுச்சுன்னா பேசாம கழுத்த நீட்டு. இன்னா சம்பந்தி, சரிதானே? நாளைக்கு நீங்க வேற பேச்சு பேசக்கூடாது."

"நானா? நானே நேர்ல வந்து பாக்குறேன்!" தாய்மாமன் தொடையைத் தட்டினார். அவருக்கு அது வேலையா கல்யாணமா என்ற கேள்வியாகவே படவில்லை. திருவிழாவுக்கு முன்னாலேயே வந்த ராட்டினம் மாதிரி இருந்தது.

எனக்கும் அப்படித்தான் இருந்தது, உண்மையைச் சொன்னால். வயிற்றுக்குள் ஒரு மணி அடித்துக்கொண்டே இருந்தது. அத்தை மலையேறப் போகிறாள்! அத்தை தோற்றால் திருக்கோவிலூருக்குப் போய்விடுவாள் என்பது புரிந்தபோது மட்டும் மணி கொஞ்சம் நின்றது.

அத்தையின் சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எங்கள் பக்கத்துச் சைக்கிளே இல்லை. பாண்டிச்சேரியில் யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன பந்தயச் சைக்கிள். பாரம் இறக்கப் போன இடத்தில் பெரியப்பா சல்லிசாக வாங்கி, லாரிக் கூரையில் கட்டிக்கொண்டு வந்து, படிக்கிற தங்கைக்குக் கொடுத்தது. ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி வளைந்த கைப்பிடி. விரல் தடிமன் டயர். கியர் மாற்றுகிற கருவி எந்தக் காலத்திலோ கழன்று போய், பின் சக்கரத்தில் ஒரே ஒரு குட்டிப் பல்சக்கரம் மட்டும் மிச்சம். முன்னால் பெடலோடு இருந்ததோ தோசைக்கல் அகலம். சமதரையில் அதை மிதித்தால் காற்று காதுக்குள் புகுந்து பேசும். புளியமரங்கள் பின்னால் ஓடும். பஸ்காரர் ஹாரன் அடிப்பார், அத்தை வழிவிட மாட்டாள். முன் கம்பியில் உட்கார்ந்து நான் கூவிக்கொண்டே போவேன்.

ஆனால் ஏற்றம் வந்தால் அது கழுதை. திங்கட்கிழமை அத்தை அதைக் கோமுகி அணைக்கரைச் சரிவில் ஏற்றிப் பார்த்தாள். பாதியில் நின்றது. எழுந்து நின்று உடம்பு முழுக்கப் பெடலில் போட்டாள். சைக்கிள் யோசித்தது, பக்கவாட்டில் சாய்ந்தது. அத்தையின் கால் தரையில் பட்டது. துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

"கால்ல பலம் இல்லியா அத்தை?"

"கால்ல இருக்குதுடி. பல்லுலதான் இல்ல."

அத்தை சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டாள். பெடலை மெதுவாக ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, கோடு எத்தனை முறை மேலே வருகிறது என்று பார்க்கச் சொன்னாள். மூன்று முறைக்கு மேல் வந்தது. "பாத்தியா? நான் ஒரு மிதி மிதிச்சா இது மூணு சுத்து ஓடுது. சமதரைக்கு அது சரி. மலையில ஒரு மிதிக்கு அவ்ளோ தூரம் ஏத்தச் சொன்னா யாரால முடியும்? பின்னாடி பெரிய பல்லா மாட்டிட்டா ஒரு மிதிக்கு ரெண்டு சுத்து, ஒன்ற சுத்துதான் வரும். மெதுவாத்தான் போவும். ஆனா பாரம் தெரியாது." மண்ணில் குச்சியால் ஒரு பெரிய வட்டமும் ஒரு சின்ன வட்டமும் வரைந்து, இரண்டையும் சங்கிலிக் கோட்டால் சேர்த்தாள். பிறகு சின்ன வட்டத்தை அழித்துப் பெரிதாக வரைந்தாள். எனக்கு அந்த நிமிஷமே மலை குட்டையாகிவிட்டது. ஒரு பல்சக்கரம், அவ்வளவுதான்! கள்ளக்குறிச்சியில் கிடைக்காத பல்சக்கரமா?

கிடைத்தது. ஆனால் மாட்ட முடியவில்லை. சைக்கிள் கடைக்காரர் கிண்ணி போல் பெரிய பல்சக்கரம் ஒன்றை எடுத்துத் திருகினார். கொஞ்சம் ஏறியது, பிறகு இறுகிக்கொண்டு நின்றது. எண்ணெய் விட்டார், திட்டினார், தன் குலதெய்வத்தைக் கூப்பிட்டார். "மரை சேரலம்மா. இது வெளிநாட்டு மரை, திருகுற புரியே வேற. நம்மூரு சரக்கு இதுல ஏறாது. மீறித் திருவுனா ரெண்டும் போயிடும். வேணும்னா இந்தச் சைக்கிளக் குடுத்துட்டு, நல்ல சைக்கிளா வாங்கிக்கினு போயேன்?"

திரும்பி வரும்போது பஸ்காரர் ஹாரன் அடித்தார், அத்தை ஒதுங்கி வழிவிட்டாள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் செய்தியை வீட்டுக்கே அறிவித்தவள் நான்தான். மரை சேராததையும், கடைக்காரர் திட்டியதையும், குலதெய்வத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் அண்ணன் எதிரில் அப்பா எப்போதும் தட்டைத்தான் பார்ப்பார். பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் ரசம் வாங்கி ஊற்றிச் சாப்பிட்டார். "நல்லதாப் போச்சு" என்றார். கை கழுவினார். ஆத்தூருக்கு லோடு இருக்கிறது என்று சொல்லி லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தில் அவர் வைத்துவிட்டுப் போன துண்டை ஒளித்து வைத்தேன்.

பெரியப்பா சனிக்கிழமைதான் திரும்பி வந்தார். அம்மா பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம் முணுமுணுத்தாள்: "ஆத்தூருக்குப் போன மனுசன் வஞ்சிரக் கருவாடு வாங்கிக்கினு வந்துருக்காரு. அங்க எந்தக் கடல் இருக்குதாம்?"

ஞாயிறு காலையில் வாசலில் கூட்டம். பந்தயத்தைப் பார்க்கத் தெருவே வந்திருந்தது. அத்தை, அப்பாவின் பழைய பேண்டும் சட்டையும் போட்டு, அதன் மேல் தாவணியை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். தாய்மாமன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாது சம்பந்தி? பொண்ணு காட்டுறீங்கன்னு பாத்தா போலீசக் காட்டுறீங்க!"

கூட்டம் சிரித்தது. பெரியப்பா அதற்குள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தினார். பின் சக்கரத்தில் குட்டிப் பல்சக்கரம் இல்லை. அந்த இடத்தில், அப்பளம் மாதிரி விரிந்து, ஒரு பெரிய பல்சக்கரம். கறுத்த பழைய செயினில் நடுவே புதிதாக ஒன்றிரண்டு கண்ணிகள் பளபளத்தன.

"கூடப் பொறந்தவளாச்சேன்னு சுளுவா வுட்டேன்னு நாளைக்கு யாரும் பேசக்கூடாது" என்றார் பெரியப்பா, தெருவுக்கே கேட்கும்படி. "அதனால இருக்கறதுலயே பெரிய சக்கரமா பின்னாடி மாட்டிட்டேன். இழுக்கட்டும் பாக்கலாம். சம்பந்தி, நீங்களே ஏறிப் பாருங்க."

தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். தெருவில் மிதித்தார். கால்கள் ரங்கராட்டினமாகச் சுற்றின, சைக்கிளோ ஆமையாக நகர்ந்தது. பக்கத்தில் நடந்து வந்த ஒரு கோழி அவரை முந்தியது. இரைக்க இரைக்க இறங்கினார். முகம் முழுக்கச் சந்தோஷம். "அடேங்கப்பா! தெருவுலயே போவ மாட்டேங்குது. இது மலையேறுறதா? பெருசுன்னா பாரம் ஜாஸ்தி ஆவாம இன்னா செய்யும்?" தெருவும் தலையாட்டியது. சின்னப் பிள்ளை முதல் பெரியவர் வரை எல்லோருக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. பெரிய மூட்டை கனக்கும், பெரிய பானை கனக்கும், பெரிய பல்சக்கரம் மட்டும் கனக்காதா?

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை குனிந்து, அந்தப் பற்களின் மேல் விரலை ஓட்டினாள். நிமிர்ந்து பெரியப்பாவைப் பார்த்தாள். பெரியப்பா லாரி டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்பக் கெடுதல் பண்ணிட்டீங்கண்ணா" என்றாள் அத்தை. குரல் ஒரு மாதிரி இருந்தது. அழப் போகிறாள் என்று நினைத்தேன்.

எனக்கோ உள்ளே பட்டாசு. அத்தை வரைந்த வட்டங்கள் எனக்கு மட்டும்தானே தெரியும்? இந்தப் பெரியவர்களுக்குத் தெரியவில்லையே! கெடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பெரியப்பா அத்தைக்கு வேண்டியதையே மாட்டிவிட்டார். வெளியே சொன்னால் கழற்றிவிடுவாரே என்று வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். அத்தை சைக்கிளில் முதலில் அடிவாரத்துக்குப் புறப்பட, பின்னாலேயே நாங்கள் லாரியில் கிளம்பினோம். பெரியப்பா, தாய்மாமன், நடுவில் நான்.

வனத்துறைச் சோதனைச்சாவடியில் தொடங்கியது மலை.

அத்தை மிதித்தாள். கால்கள் வேகமாகச் சுற்றின, சைக்கிள் மெதுவாக நகர்ந்தது, ஆனால் நகர்ந்துகொண்டே இருந்தது. அணைக்கரையில் யோசித்த சைக்கிள் இல்லை இது. முதல் வளைவு. மூங்கில் புதர். அத்தை உட்கார்ந்தபடியே போனாள். இரண்டாவது வளைவு. பாறையில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து பார்த்தன. செயின் டிக்டிக்கென்று கணக்குச் சொன்னது. வெயில் இலைகளுக்கு நடுவே காசு காசாகக் கொட்டியது. சட்டை முதுகில் வேர்வை ஒரு தேசப்படமாக விரிந்தது. ஏறு அத்தை, ஏறு ஏறு ஏறு! நான் சீட்டில் குதித்தேன். தலை கூரையில் இடித்தது. வலிக்கவே இல்லை.

தலையில் கடுக்காய் மூட்டையோடு இறங்கி வந்த மலைக்காரப் பெண்கள் நின்று பார்த்தார்கள். "வண்டி மேல குந்திக்கினே போவுதுடி!" என்று ஒருத்தி கூவினாள். மற்றவர்கள் அத்தையோடு கொஞ்ச தூரம் மேல்நோக்கித் திரும்பி நடந்து, சிரித்துவிட்டு, மறுபடி இறங்கினார்கள்.

தாய்மாமனின் சிரிப்பு நாலைந்து வளைவுகளில் தேய்ந்துபோயிற்று. "இன்னா சம்பந்தி, பொண்ணு போய்க்கினே இருக்குது?"

"போவட்டும் போவட்டும். மேல போவப் போவத்தான் ஏத்தம்."

"நாம முந்திப் போயி மேல நிக்கலாமே? எஞ்சின் சத்தம் காதக் கிழிக்குது."

"முந்திப் போயிட்டா கால் வச்சாளா இல்லியான்னு யாரு பாக்குறது?" பெரியப்பா லாரியை அத்தைக்குப் பின்னாலேயே ஊர வைத்தார். பின்னால் வந்த ஜீப் ஹாரன் அடித்து ஓய்ந்தது. அவர் வழிவிடவில்லை.

கடைசி ஏற்றத்தில்தான் அது நடந்தது. கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து பஸ் இறங்கியது. அகலமாக, பாதை முழுவதையும் எடுத்துக்கொண்டு. அத்தைக்குப் போக இடமில்லை. ஓரத்துக்கு ஒடித்தாள். சைக்கிள் நின்றது, சாய்ந்தது. அத்தை இடது கையை நீட்டிப் பாறையில் ஊன்றிக்கொண்டாள். இரண்டு கால்களும் பெடலில். சைக்கிள் நடுங்கியது, பஸ் உரசிக்கொண்டு போயிற்று. பஸ் சன்னல்களில் எல்லாம் தலைகள்.

"நின்னுடுச்சு! நின்னுடுச்சு! ஊனிட்டா, முடிஞ்சுது!" தாய்மாமன் கதவைத் திறந்து குதிக்கப் பார்த்தார்.

பெரியப்பா அவர் துண்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "கால்னுதானே பேச்சு? கைய எப்ப பேசுனோம்?"

"நிக்கக் கூடாதில்ல?"

"நிக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா? கால் தரையில படக்கூடாதுன்னு நானே என் வாயால சொன்னேன், நீங்க சரின்னு தொடையத் தட்டுனீங்க. பேச்சுன்னா பேச்சுதான் சம்பந்தி."

பெரியப்பா கெட்டவர், ஆனால் நியாயஸ்தர் என்று அப்போது எனக்குத் தோன்றியது. அத்தை பாறையை ஒரு தள்ளுத் தள்ளினாள். பெடலில் எழுந்து நின்றாள். அந்தப் பெரிய பல்சக்கரம் செயினைக் கவ்விக்கொண்டு, ஒரு பல், அடுத்த பல், அடுத்த பல் என்று மேலே இழுத்தது. வளைவு திரும்பியது. காற்று குளிர்ந்தது. ஓட்டுக் கூரைகள் தெரிந்தன. கரியாலூர்!

அத்தை பள்ளிக்கூட வாசல்வரை போய், ஞாயிற்றுக்கிழமைப் பூட்டுக்கு முன்னால், அப்போதுதான் காலை ஊன்றினாள். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். உப்பு நாற்றமும் செயின் எண்ணெய் நாற்றமும் கலந்து அடித்தது. இருவரும் சுற்றிச் சுற்றி ஆடினோம். தாய்மாமன் டீக்கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். பெரியப்பா அவரிடம் போய்க் கைகளை விரித்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஏதோ நெடுநேரம் சொன்னார். கடைசியில் தாய்மாமன், "உங்க மேல குத்தம் சொல்ல முடியாது சம்பந்தி, என் கண்ணாலயே பாத்துட்டனே" என்றது மட்டும் எனக்குக் கேட்டது. அத்தை பள்ளியைப் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் வருவதாகச் சொல்லி அங்கேயே நின்றுவிட்டாள். எங்கள் லாரியில் மலையிறங்க மனமில்லாமல் தாய்மாமனும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார். அதே பஸ்ஸில் இருவரும் எப்படி வந்தார்கள் என்று தெரியவில்லை.

இறங்கும்போது லாரியில் நானும் பெரியப்பாவும் மட்டும். நான் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"பெரியப்பா, நீங்க நல்லா ஏமாந்துட்டீங்க! அந்தப் பெரிய பல்லு மாட்டலன்னா அத்தை ஏறியே இருக்காது."

"அப்பிடியா?"

"ஆமா. பல்லு பெருசா இருந்தா வண்டி மெதுவாத்தான் போவும், ஆனா பாரம் தெரியாது. அத்தை மண்ணுல வரைஞ்சு காமிச்சுது."

"எனக்கு இன்னாடி தெரியும், கியரப் பத்தியெல்லாம்" என்றார் பெரியப்பா. சொல்லிக்கொண்டே, பார்க்காமலே, இடது கையால் கியர்க் கம்பியை இழுத்துக் கீழ்க்கியரில் போட்டார். சரிவில் ஓடத் துடித்த லாரி ஒரு உறுமலோடு அடங்கி நடக்க ஆரம்பித்தது. அந்தக் கையையே நான் பார்த்துக்கொண்டு வந்தேன். வளைவுக்கு வளைவு அது தானாகப் போய்ப் போய் வந்தது. வேடிக்கையாக இருந்தது.

சுனைத் தண்ணீர் விழுகிற இடத்தில் லாரியை நிறுத்தி இறங்கினார். முகத்தைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். திரும்பியபோது கண் இரண்டும் சிவந்திருந்தன.

"தோத்துட்டோம்னு அழுவுறீங்களா பெரியப்பா?"

"ஆமாண்டி. சம்பந்தி பாக்கப் பாக்கத் தோத்துட்டேன் பாரு."

எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. பாவமாக இருந்தது. இவ்வளவு பெரிய மனிதர், ஒரு பல்சக்கர விஷயம் தெரியாமல் ஊர் முன்னால் இப்படி ஆகிவிட்டதே. லாரிப் படியில் ஏறி நின்று, எட்டி அவர் முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

"வுடுங்க பெரியப்பா. நீங்களும் கொஞ்சம் கணக்குப் படிச்சிருந்தா ஜெயிச்சிருப்பீங்க."

பெரியப்பா ஈர முகத்தோடு என்னைப் பார்த்து, ரொம்பப் பணிவாக, ஆமாம் என்று தலையாட்டினார்.